கல்லுக்கொல்லை நல்லதா, கெட்டதா?

அக்கா வந்து நின்றபோது நான் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன். ஈரம்கூடக் காயவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு விடுவிடுவென்று உள்ளே வந்தவள், இடுப்பில் இருந்த சாக்கை என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினாள். செம்மண் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னாக்கா இது?"

"மல்லாட்டச் செடி. ரெண்டு கட்டு இருக்குது. இது கிணத்துக்கொல்ல, இது கல்லுக்கொல்ல. தனித்தனியா கட்டியாந்துருக்கேன், கலந்துடாத."

வேரோடு பிடுங்கிய வேர்க்கடலைச் செடிகள். காய் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் கடலையின் பால் வாசனை அறை முழுக்கப் பரவியது. தனம் அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். பேருந்தில் ஒரு மணி நேரம் இந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி டவுனில் உப்பளம் வரைக்கும் வந்திருக்கிறாள் என்றால் சும்மா வந்திருக்க மாட்டாள்.

"பாத்துட்டு, கல்லுக்கொல்லதான் ஒசத்தின்னு சொல்லு" என்றாள்.

"பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றியே?"

"நீ பாரு, பாக்காத போ. சங்கர் வந்து கேட்டான்னா அப்படிச் சொல்லு. அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

ஒரு வரப்பு, இரண்டு மாநிலம்

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் டவுனுக்கு மேற்கே, எல்லையில் இருக்கிறது. புதுச்சேரி எல்லை என்றதும் வெளியூர்க்காரர்கள் நேராகக் கோடு போட்டதுபோல ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே டீக்கடை ஒரு மாநிலத்தில் இருக்கும், எதிரே சைக்கிள் கடை இன்னொரு மாநிலத்தில் இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா குடும்பத்து நிலமும் அப்படித்தான். வரப்புக்குக் கிழக்கே புதுச்சேரி, மேற்கே தமிழ்நாடு. மாமா வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டால் இடது கால் ஒரு மாநிலத்திலும் வலது கால் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும்.

கிழக்குப் பாதியில் கிணறும் மோட்டாரும் உண்டு. அது கிணற்றுக்கொல்லை. மேற்குப் பாதி மேடு. மண்வெட்டி போட்டால் சரளைக்கல்லில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும். அது கல்லுக்கொல்லை. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் இல்லை.

அக்காவின் மாமனார் காலமாகி வருஷம் திரும்பிவிட்டது. இனிமேல் பங்கு பிரித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிக்கிறவர் நாணயமாகப் பிரிப்பாராம். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்த நிலத்தை வேறு எப்படிப் பிரிப்பது? இரண்டு மாநிலம், இரண்டு பத்திர ஆபீஸ். மாமா வரப்பைக் காட்டி, "இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் எல்லாம் அவருடைய தம்பி சங்கர் கையில்தான்.

கண் இருக்கிற எவனும் கிணற்றைத்தான் எடுப்பான். சங்கர் டவுனில் எலக்ட்ரீஷியன். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். ஊருக்குப் போவது பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் அந்த நிலத்தை விட்டால் வேறு கதியில்லை. கிணறு போய்விட்டால் இந்த வயதில் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கல்லில் உழ வேண்டும். அதற்குத்தான் அக்கா மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

கிணற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பொதுக்கிணறு வைத்துக்கொண்டும் பேச்சுவார்த்தையோடு இருக்கிற அண்ணன் தம்பியை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பூசணம் விற்கிற வேலை

என்னிடம் ஏன் வந்தாள் என்று சொல்ல வேண்டும் அல்லவா. நான் வேலை பார்ப்பது வேர்ப்பூஞ்சை தயாரிக்கிற ஒரு சின்ன இடத்தில். நாலு அறை, ஒரு மொட்டைமாடி. மாடியில் தொட்டிகளில் மக்காச்சோளம் வளர்ப்போம். அதன் வேரில் இந்தப் பூஞ்சையை ஏற்றி, வளர்ந்ததும் வேரை நறுக்கி, தூளோடு கலந்து பை போடுவோம். விவசாயி வாங்கிப்போய் விதைக்கும்போது மண்ணில் போட வேண்டும். பயிரின் வேருக்குள் பூஞ்சை குடியேறி, வேர் எட்டாத தூரத்துக்கு நூல் நூலாக ஓடும். அங்கேயிருந்து பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தையும் கொஞ்சம் ஈரத்தையும் கொண்டுவந்து பயிருக்குக் கொடுக்கும். பயிர் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். மானாவாரி நிலத்துக்கு நல்லது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வருகிறவர்கள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். "பூசணத்தையா காசு குடுத்து வாங்கறது? எங்க ஊட்டு ஊறுகா ஜாடியில சும்மாவே இருக்குதே" என்று ஒரு அம்மா கேட்டார். இன்னொருவர் பக்தியாக வாங்கிப்போய், விதைக்குப் பூசணக்கொல்லி மருந்தைத் தடவிவிட்டு, அதன் மேல் இந்தப் பூஞ்சையைப் போட்டார். ஒரு கையால் கொன்றுவிட்டு மறு கையால் குடி வைத்திருக்கிறார். விளையவில்லை என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

நான் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது நான் பி.எஸ்சி. கடைசி வருஷம். கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டேன், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஊரில் எனக்கு வேர் டாக்டர் என்று பெயர். எங்கள் முதலாளியை எல்லோரும் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. முசியேயிடம் எதைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கி "சா தெப்பான்" என்பார். அது எதைப் பொறுத்ததோ அதைப் பொறுத்தது என்று அர்த்தம். கேட்டவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

நீலம் எங்கே இருக்கிறது?

அக்கா போன பிறகு மூட்டையை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியிருக்கலாம். பொய்தானே சொல்லப்போகிறேன், அதற்கு வேர் எதற்கு? ஆனாலும் மனசு கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் பொய் சொன்னால் பாவம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

வேரைக் கழுவினேன். அதில் சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தன. அவை வேர் முடிச்சு. வேறு நுண்ணுயிர் கட்டிய வீடு. பூஞ்சை அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. வேரைக் காரத்தில் வேகவைத்து, அமிலத்தில் அலசி, நீலச் சாயத்தில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். பூஞ்சை இருந்தால் அது மட்டும் நீலமாகத் தெரியும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என் விரல் நுனியும் நீலமாகத்தான் இருக்கும். அதே கையால் இட்லி மாவு கரைப்பதில் என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் வருத்தம்.

கிணற்றுக்கொல்லை வேரை முதலில் வைத்தேன். ஒன்றுமில்லை. வெள்ளை வெளேர் என்று வெறும் வேர். தேடித் தேடிப் பார்த்ததில் அங்கே ஒரு நூல், இங்கே ஒரு நூல்.

கல்லுக்கொல்லை வேரை வைத்தேன். ஒரே நீலம். வேரின் உள்ளே நூல் பின்னிக்கிடந்தது. அறை அறையாகக் குட்டிப் புதர்கள், இடையிடையே பலூன் மாதிரி பைகள். நாங்கள் மாடியில் காசு போட்டு வளர்க்கிற தொட்டியில்கூட இவ்வளவு செழிப்பாக நான் பார்த்ததில்லை.

கட்டு மாறிவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். இல்லை. கல்லுக்கொல்லைக் கட்டில் சரளைக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு செடியில் வேர் எடுத்து மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதேதான்.

அக்கா சொல்லச் சொன்னது பொய். இப்போது அது நுண்ணோக்கிக்கு அடியில் உண்மையாக உட்கார்ந்திருந்தது.

முசியேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"கிணத்துக்கொல்லையில டி.ஏ.பி. உரம் போடுவாங்களா?"

"மாமா மூட்ட மூட்டையா போடுவாரு."

"அப்ப சரிதான். மண்ணுலயே சாப்பாடு கெடைச்சா செடி யாரையும் வீட்டுக்குள்ள விடாது. பசி இருந்தாத்தான் கதவைத் திறக்கும்."

"அப்ப நீலம் இருந்தா நல்ல நிலமா, பசி நிலமா?"

உதட்டைப் பிதுக்கினார். நான் காது கொடுக்காமல் கைகழுவப் போய்விட்டேன்.

சங்கர் கேட்டது

அன்றைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சாயங்காலம் சங்கர் வீட்டுக்கு வந்தான். வந்தவன் முதலில் எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் பார்த்தான். அவன் எப்போதுமே அப்படித்தான். வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் வைத்துக் கொண்டுபோனவன் அவன்தான். அவனிடம்போய் அக்கா சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

"வசந்தாக்கா, நீங்க வேரப் பாக்கறவங்க. எது நல்ல நெலம்? எத எடுக்கட்டும்?"

"கல்லுக்கொல்ல வேரு ரொம்ப நல்லா இருக்குது சங்கர்" என்றேன். சத்தியமான உண்மை. ஆனால் சொல்லும்போது நாக்கு குழறியது. முகம் வேறு காட்டிக்கொடுத்திருக்கும்.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "அண்ணி சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப அது உண்ம இல்லியா?"

"உண்மதான். அக்கா சொல்லச் சொன்னதும் நெசம், நான் பாத்ததும் நெசம். ஆனா வேரு நல்லா இருந்தா நெலம் நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்ல. நெலம் வத்தலா இருக்கறதாலதான் வேரு அப்படி இருக்குது. வத்தலா இருந்தாலும் அந்த வேரு இருக்கறதால மழ இல்லாத காய்ச்சலத் தாங்கும்."

"தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும்னுதான் நெனைக்கிறேன்."

சங்கர் என்னையே பார்த்தான். நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை, அவனுக்கு எப்படி விளங்கும்? காபியைக் குடித்துவிட்டு, "ஃபேனு கெபாசிட்டர் போயிருக்குது, நாளைக்கு மாத்தறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மாற்றிச் சொல்லு

ராத்திரி அக்கா போன் செய்தாள். "சொன்னியா?"

"சொன்னேன். ஆனா நீ சொல்லச் சொன்னதா அவனே கண்டுபிடிச்சுட்டான். நானும் ஒத்துக்கிட்டேன்."

"அடிப்பாவி!"

"இரு, முழுசாக் கேளு. கல்லுக்கொல்ல வேரு நெசமாவே நல்லா இருக்குதுக்கா. நம்ம தொட்டியில இருக்கறதவிட ஒசத்தி."

மறுமுனையில் மாமா இருமுவது கேட்டது.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப கல்லுக்கொல்லதான் நல்லதா?"

"அப்படி இல்லக்கா..."

"நல்லது அவனுக்குப் போயிடுமே! போன் பண்ணி மாத்திச் சொல்லு. நீ பாத்தது தப்புன்னு சொல்லு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கிணறு வேணுமா, கல்லு வேணுமா? மொதல்ல அதச் சொல்லு!" என்று கத்தினேன்.

"ரெண்டும் நாங்க ஒழைச்ச நெலம்டி" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அன்று இரண்டு பேருமே சரியாகத் தூங்கியிருக்க மாட்டோம்.

புங்க மரத்தடியில்

பங்கு பிரிக்கிற நாளன்று கிணற்றடிப் புங்க மரத்தின் கீழே பாய் போட்டிருந்தார்கள். வெற்றிலைத் தட்டு, கற்பூரம், ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர். அக்கா சுமங்கலிகளுக்குத் தரவேண்டிய குங்குமத்தைத் தவறுதலாக ஆண்களிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மாமா வரப்பைக் காட்டிப் பங்கைச் சொன்னார். எல்லோரும் சங்கரைப் பார்த்தார்கள்.

சங்கர் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குக் கல்லுக்கொல்ல" என்றான்.

கூட்டத்தில் சலசலப்பு. "நல்லா யோசிச்சியாப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "வேர் டாக்டரு சொல்லிட்டாங்க, கல்லுதான் ஒசத்தியாம்" என்று அவன் சிரித்தான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மாமா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆசைப்பட்ட கிணறு கைக்கு வந்த அக்காவோ, நகை தொலைந்த வீட்டுக்காரி மாதிரி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பகீரென்றது. என் வாயை நம்பி ஒருவன் கல்லை எடுத்துக்கொண்டான். எல்லோரும் கலைகிற சமயத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"அவசரப்பட்டுட்டியே சங்கர். நான் ஒறுதியா ஒண்ணும் சொல்லலியே?"

"வேரெல்லாம் எனக்குப் புரியலக்கா. நீங்க சொன்னப்பவும் புரியல" என்றான். "அண்ணனுக்குக் கிணறு இல்லாம முடியாது. எனக்கு டவுன்ல வேல இருக்குது. அண்ணி வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்துருப்பேன். அவங்களாண்ட இதச் சொல்லாதீங்க, சங்கடப்படுவாங்க. உங்க பேச்ச நம்பி எடுத்தேன்னே இருக்கட்டும்."

சரி என்றேன்.

மழை வராத ஆவணி

அடுத்த ஆடியில் இரண்டு கொல்லையிலும் வேர்க்கடலை போட்டார்கள். கல்லுக்கொல்லையைச் சங்கருக்காக மாமாதான் உழுது விதைத்தார். செடி பூவெடுக்கிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. ஆவணி முழுக்க ஒரு பொட்டுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேருந்து ஏறிப் போய் அந்தச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மத்தியானத்தில் கல்லுக்கொல்லைச் செடி இலையை மூடிக்கொண்டு செத்ததுபோல நிற்கும். வெயில் தாழ்ந்ததும் திரும்ப விரித்துக்கொள்ளும். பக்கத்து நிலத்து மேட்டிலும் தண்ணீர் கிடையாது. அங்கே செடி கருகிவிட்டது. இங்கே பூஞ்சைதான் காப்பாற்றியதா, சரளைக்கு அடியில் ஏதாவது ஈரம் இருந்ததா, விதை வேறா? தெரியவில்லை. வேரை எடுத்து வந்து பார்த்தேன். நீலம்தான். வரப்பை ஒட்டிய கிணற்றுக்கொல்லை வரிசைகளிலும் இந்தத் தடவை கொஞ்சம் நீலம் இருந்தது. வரப்பைத் தாண்டி வந்ததோ, முன்பே இருந்து நான்தான் பார்க்கத் தவறினேனோ, அதுவும் தெரியவில்லை.

அறுவடையில் இரண்டு கொல்லையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் காய்த்தன. கிணற்றுக்கொல்லைக்கு மோட்டார் இரவு பகலாக ஓடியது. கல்லுக்கொல்லைக்கு ஒரு சொட்டு விடவில்லை. அக்கா கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

"பாத்தியா, தண்ணியே இல்லாம வெளஞ்சிருக்குது!" என்று போனில் கத்தினாள். "நல்ல நெலத்த அவனுக்குக் காட்டிக் குடுத்துட்டியேடி. கூடப் பொறந்தவளா நீ?"

இதை அவள் சொல்வது முதல் தடவை இல்லை. ஆவணி முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ஏனோ தாங்கவில்லை. சங்கருக்குக் கொடுத்த வாக்கு போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"அக்கா, அவன் வேரப் பாத்து எடுக்கல. கிணறு உங்களுக்கு வேணும்னுதான் கல்ல எடுத்தான். அண்ணி ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்துருப்பேன்னு எங்கிட்டச் சொன்னான். ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னும் சொன்னான்."

போன் அணைந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, இருந்தாள்.

"சங்கரா சொன்னான்?"

"சங்கர்தான்."

அக்கா, யாரிடமோ பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஊட்டுக்கு நான் போனப்ப அவன் இஸ்கூலு போயினு இருந்தான் வசந்தா. தெனம் நான்தான் சோறு போட்டேன். அவனாண்டப் போயி கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லியேடி."